பின்சுவர் மண்

அம்மா அதுவரை மகளுடைய வேலையிடத்துக்கு வந்ததே இல்லை. யாராவது "மகள் என்ன பண்றா?" என்று கேட்டால், "மண்ணுக்கு டாக்டரா இருக்கா. நாடி பிடிச்சுப் பார்ப்பா, ஊசி மட்டும் போட மாட்டா" என்று சிரித்துச் சமாளிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு முற்பகலில், தையல் மிஷினிலிருந்து பாதியில் எழுந்து வந்தவள்போல், உடையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்க மண் கிடங்கின் வாசலில் வந்து நின்றாள்.

காவலாளி ஆள் அனுப்பினார். மகள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள்.

"என்னம்மா? அப்பாவுக்கு ஏதாவது...?"

"அவருக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் பழைய பிரசவ ஆஸ்பத்திரியை இடிச்சுட்டுத் தோண்டுறாங்களே, அந்த மண்ணு எங்க போகுது?"

"இங்கதான் வருது. எதுக்கு, பூந்தொட்டிக்கா?"

அம்மா மகளைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாகக் குவியல்கள். சிவப்பு மண், சாம்பல் நிறக் களிமண், செங்கல் தூள் கலந்த பழைய மண். சிலவற்றின்மேல் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது.

கட்டடத்துக்காகத் தோண்டும் மண்ணை அந்த நகரத்தில் முன்பெல்லாம் கேட்பாரில்லை. லாரிக்காரர்கள் கண்ட இடத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். குளங்கள் தூர்ந்தன, ஓடைகள் அடைத்துக்கொண்டன. கடைசியில் ஒரு மழைக்காலத்தில், நகரத்தின் ஓரத்தில் மலைபோல் ஏற்றி வைத்திருந்த மண் சரிந்து கீழே இருந்த வீடுகளை ஆட்களோடு சேர்த்து மூடிவிட்டது. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. எங்கே தோண்டினாலும் மண் முதலில் கிடங்குக்கு வர வேண்டும். எந்த இடத்து மண் என்று தெரியும்படி தனித்தனியாகக் குவித்து, சலித்து, மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நல்ல மண் என்றால் பூங்காவுக்கும் பள்ளி மைதானத்துக்கும் மழைநீர் தேங்கும் தெருக்களை உயர்த்தவும் போகும். விஷம் கலந்த மண் என்றால், ஊருக்கு வெளியே அடியிலும் மேலேயும் கறுப்பு விரிப்பு போட்ட மூடுகுழிக்குப் போகும். எந்தக் குவியல் எங்கே போகலாம் என்று முடிவு சொல்வதுதான் மகளின் வேலை. அதில் அவள் கறார். லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர்களில் ஒன்றுகூடச் சபையில் சொல்லத் தகுந்ததில்லை.

"சும்மா பார்க்கணும். எதுன்னு காட்டு" என்றாள் அம்மா.

குவியல்களுக்கு நடுவே இருவரும் நடந்தார்கள். வழியில் பெரிய உருளைச் சல்லடை கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மாவுபோல் மண் கொட்டியது, மறுபக்கம் கற்களும் வேர்களும் உடைந்த பாட்டில்களும் உருண்டு விழுந்தன.

"அது என்ன?"

"சல்லடைம்மா. வேண்டாததையெல்லாம் தனியாப் பிரிச்சுடும்."

அம்மா நின்றுவிட்டாள். "ஆஸ்பத்திரி மண்ணையும் இதுல போட்டீங்களா?"

"முன்பக்கத்து மண்ணைப் போட்டாச்சு. பின்பக்கத்து மண்ணை இன்னும் தொடல. ஏம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

பக்கத்தில் கிடந்த சிமெண்ட் கட்டை ஒன்றில் அம்மா உட்கார்ந்தாள். பார்வை சல்லடையை விட்டு அகலவில்லை.

"உனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான், பாப்பா."

மகளுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை என்றுதான் தோன்றியது. இரைச்சலில் வேறு ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக் குனிந்தாள்.

"வயித்துலயே போயிட்டான். அந்த ஆஸ்பத்திரியிலதான். அப்பல்லாம் அந்த மாதிரிப் புள்ளைங்களைப் பின்னாடியே புதைச்சுடுவாங்க. வீட்டுக்குக் குடுக்க மாட்டாங்க. நாமளும் கேக்கத் தெரியாதவங்க."

சல்லடையை ஓட்டுபவர் மேலிருந்து இவர்களைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, இயந்திரத்தை நிறுத்திவிட்டார். திடீரென்று எல்லாம் அமைதியானது. அந்த அமைதியில் அம்மா அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ பொறந்தப்புறம் உன்னை மடியில வெச்சுக்கிட்டு அவனுக்காக அழுதா உனக்கு ஆகாதுன்னாங்க. அழாம இருந்தேன். அப்புறம் அதுவே பழகிடுச்சு."

இத்தனை காலமும் மகள் தன்னைத் தலைப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமையை வைத்துச் சண்டை போட வீட்டில் வேறு பிள்ளையும் இல்லை. இப்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சாமான் இடம் மாறி வைக்கப்பட்டதுபோல் இருந்தது. கோபமா வருத்தமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"நம்ம தெரு முனையில பள்ளத்தை மூடிப் பூங்கா போடுறாங்களே" என்றாள் அம்மா. "அந்த மண்ணை அங்க அனுப்பேன். ஒரு செடி வெப்பேன். போற வரப்ப பார்த்துக்குவேன். வேற ஒண்ணும் கேக்கல."

"ரிசல்ட் வரணும்மா."

"வந்தா?"

அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மகளால் சும்மா இருக்க முடியவில்லை. "மேல்மண்ணு பெரும்பாலும் பாஸ் ஆயிடும். அனுப்பிடலாம்மா" என்று சொல்லிவிட்டாள். வேறு யாருக்கும் அப்படி முன்கூட்டி வாக்குக் கொடுக்கிறவள் அல்ல அவள்.

அன்று மாலை வீட்டில் அப்பா மின்விசிறியைக் கழற்றிக் கீழே வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் எது கெட்டாலும் யாரையும் கூப்பிடாமல் தானே பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொல்லிட்டாங்கப்பா. அவனைப் பத்தி."

அப்பா விசிறியின் இறக்கையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பியபோது, அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றதும், சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான்தான் புதைச்சேன்."

"நீங்களா? ஆஸ்பத்திரி ஆளு இல்ல?"

"அந்த ஆள் வர நேரமாகும், அதுவரைக்கும் ஓரமா வெச்சிருங்கன்னாங்க. ஓரமா வெக்கிற சாமானா அது? தோட்டத்துல வேலை பார்த்தவர்கிட்ட மண்வெட்டி வாங்கினேன். தண்ணித்தொட்டிக்கும் பின்சுவத்துக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருந்துச்சு. ரொம்ப ஆழமாத் தோண்டல. ஆழத்துல குளிருமேன்னு..." அவர் செருப்பு நுனியால் தரையைக் கீறினார். "பைத்தியக்காரத்தனம். அப்ப அப்படித்தான் தோணுச்சு."

பேருந்து வந்தது. இருவருமே ஏறவில்லை.

"அந்தச் சுவரை ஒட்டிப் போற ரூட்டு ஒண்ணு உண்டு. குறுகல் ரோடு, எந்த டிரைவருக்கும் பிடிக்காது. நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். அந்த இடம் வந்தா ஹாரன் மட்டும் அடிக்க மாட்டேன். முன்னாடி மாடே படுத்திருந்தாலும் அடிக்க மாட்டேன். கண்டக்டர் என்னைத் திட்டுவான்."

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"அவளுக்கு எதுக்கும்மா. அவளே மறந்துட்டு இருக்கா, நாம ஏன் கிளறணும்னு இருந்துட்டேன்."

அம்மாவும் அதையேதான் இவரைப் பற்றி நினைத்திருப்பாள் என்று மகளுக்குத் தோன்றியது. 

தண்ணீர்த்தொட்டிக்கும் பின்சுவருக்கும் நடுவில் என்றதும் எந்தக் குவியல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஓரத்து மேல்மண் கறுத்துப்போய், ஒரு மாதிரி நாற்றத்தோடு வந்ததால், அதை மட்டும் தனியாகக் கொட்டச் சொன்னவள் அவள்தான். கிடங்கின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. மாதிரி எடுத்ததும் அவளேதான். கையுறை போட்டுக்கொண்டு, சல்லடைக்காரர் சொன்ன ஏதோ வேடிக்கைக்குச் சிரித்தபடி, டப்பாக்களை நிரப்பி மூடியது நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்து இப்போது உடம்பு கூசியது.

முடிவு வந்தபோது படித்துப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. முதல் பார்வையிலேயே தெரிந்தது. ஈயமும் பாதரசமும் அளவுக்கு மேல் எங்கேயோ நின்றன. ஆஸ்பத்திரியில் உடைந்த காய்ச்சல்மானிகளையும் பழைய பேட்டரிகளையும் மற்றக் கழிவுகளையும் காலங்காலமாக அந்த மூலையில்தான் கொட்டி எரித்திருக்கிறார்கள். அவள் விடவில்லை. குவியலின் பல இடங்களிலிருந்து மறுபடி மாதிரி எடுத்து, வேறொரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். அங்கிருந்தும் அதே பதில்தான் வந்தது.

விஷயம் எப்படியோ சல்லடைக்காரருக்கு எட்டியிருந்தது. அவர் அவளைவிட மூத்தவர், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். தேநீர் நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று, கையில் இருந்த டம்ளரையே பார்த்தபடி பேசினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துக் குவியல் நல்ல மண்ணு. ரெண்டையும் சேர்த்துக் கலந்து சலிச்சுட்டா, அப்புறம் எடுக்கிற மாதிரி பாஸ் ஆயிடும். அம்மா முகத்தைப் பார்த்தேன் அன்னிக்கு. மனசு கேக்கல. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அப்படிக் கலப்பது குற்றம். அதைச் செய்ததற்காக ஒரு ஒப்பந்தக்காரரின் உரிமத்தையே ரத்து செய்ய வைத்தவள் அவள். இருந்தும் அவரை அதட்டவில்லை. "பார்க்கலாம்ணே" என்றாள். அந்தப் பதிலே அவளைப் பயமுறுத்தியது.

மாலையில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் தெருமுனைப் பள்ளத்தருகே இறங்கி நின்றாள். பூங்காவுக்கான மண் ஏற்கெனவே பாதி வந்திருந்தது. வேலி கட்டி முடிப்பதற்குள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து சறுக்கினார்கள், கிண்ணம் கிண்ணமாக மண்ணை அள்ளி ஒருவர் தலையில் ஒருவர் கொட்டினார்கள். இன்னும் நடை சரியாக வராத ஒரு பெண்குழந்தை, ஈர மண் ஒட்டிய கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தது. அதன் அம்மா வந்து விரலை இழுத்துவிட்டாள். அவள் திரும்பியதும் விரல் மறுபடி வாய்க்குப் போனது.

மகள் வீட்டுக்குப் போனாள். சமையலறை வாசலில் ஒரு செடி, கறுப்புப் பையோடு நின்றிருந்தது. அம்மா வாங்கி வைத்திருந்தாள். பூங்கா வேலைக்காரரிடம் போய்ப் பேசி, வேலியோரமாக ஒரு இடமும் கேட்டு வைத்திருந்தாள்.

"அம்மா, அந்த மண்ணு தேறலம்மா."

தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் மிஷின் நின்றது.

"ரெண்டு தடவை பார்த்துட்டேன். புள்ளைங்க விளையாடுற இடத்துல போட முடியாது. மூடுகுழிக்குத்தான் போகணும்."

"கெட்ட மண்ணுங்கிற."

"மண்ணு கெட்டது இல்லம்மா. அதுல அவங்க எரிச்சது, கொட்டினது..."

"அதுக்குள்ள அவன் இருக்கான்."

"அம்மா, அவன்... இத்தனை வருஷத்துல ஒண்ணும் மிஞ்சியிருக்காதும்மா."

சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை மெதுவாக மடித்தாள்.

"அன்னிக்கு என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போனாங்க. இன்னிக்கு நீ சொல்லிட்டு எடுத்துட்டுப் போற. அவ்வளவுதானே வித்தியாசம்?"

அதற்குப் பிறகு அம்மா மகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், வாசற்கதவைத் திறந்துவிட்டாள். பேச்சு மட்டும் இல்லை. கேட்டதற்குத் தலை அசைந்தது, அவ்வளவுதான். மிஷின் சத்தம் பகல் முழுக்க நிற்காமல் கேட்டது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடி, "அவ சரியாத்தான் செய்றா" என்றார்.

"நான் தப்புன்னு எப்ப சொன்னேன்?" என்றாள் அம்மா. "சரியாத்தான் செய்றா. அதான் தாங்க முடியல."

அந்தக் குவியலை எடுத்துப் போகும் நாளை மகள் வீட்டில் சொல்லிவைத்தாள். அப்பா இல்லாத நேரம் பார்த்து, அவனைத் தூக்கிப்போய்ப் புதைத்தது அவர்தான் என்பதையும் அம்மாவிடம் சொன்னாள்; அம்மா மிஷினை நிறுத்தவில்லை. ஆனால் அன்று காலை அவள் கிளம்பும்போது அம்மா தலைவாரி, நல்ல உடை உடுத்தி, கதவருகில் நின்றிருந்தாள். அப்பாவும் சட்டை மாற்றியிருந்தார்.

மூடுகுழிக்கு வெளியாட்கள் போகக் கூடாது. மகள் முந்தின வாரமே மேலதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கி வைத்திருந்தாள். வருவார்களா என்று தெரியாமல்தான் வாங்கினாள். இருவருக்கும் முகமூடியும் ரப்பர் காலணியும் கொடுத்தாள். அப்பாவுக்குக் காலணி பெரிதாக இருந்தது. நடக்கும்போது தொப் தொப்பென்று சத்தம் வந்தது.

கிடங்கில் சல்லடைக்காரர் அன்று மண் அள்ளும் இயந்திரத்தில் தானே ஏறி உட்கார்ந்திருந்தார். தேறாத மண்ணைச் சலிக்க வேண்டியதில்லை, அப்படியே போகட்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். வழக்கமாக அள்ளிய வேகத்தில் லாரியில் வீசுகிறவர், அன்று வாளியை லாரியின் தரைவரை இறக்கி, சாய்த்து, மண்ணைச் சத்தமில்லாமல் வைத்தார். வரிசையில் காத்திருந்த லாரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியதும் லாரி முன்னால் போனது. மூவரும் அலுவலக வேனில் பின்னால் போனார்கள்.

மூடுகுழி என்றதும் அம்மா என்ன நினைத்து வந்தாளோ தெரியாது. அது ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு அகலமான பள்ளம். சரிவு முழுக்கக் கறுப்பு விரிப்பு, வெயிலில் மினுமினுத்தது. ஒரு புல் இல்லை, ஒரு காக்கை இல்லை. லாரி பின்னோக்கிப் போய்த் தூக்கிக் கொட்டியது. எல்லாம் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. தூசி அடங்குவதற்குத்தான் நேரம் பிடித்தது.

கொட்டியபோது ஒரு மண்கட்டி மட்டும் உருண்டு விளிம்பில் வந்து நின்றது. மகள் மூடுகுழியைக் கவனிப்பவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா குனிந்து அதைக் கையில் எடுத்துவிட்டாள். திரும்பிப் பார்த்த மகள் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்மா. போட்டுடு."

"ஒரு பிடி. வீட்டுல ஒரு டப்பாவுல போட்டு மூடி வெச்சுக்கிறேன். யாரும் தொட மாட்டாங்க."

"முடியாதும்மா."

"உன் காலைப் பிடிக்கட்டுமா?"

மகளுக்குக் கண் மறைத்தது. மணிக்கட்டை மட்டும் விடவில்லை. அப்பா தொப் தொப்பென்று நடந்து வந்து, அம்மாவின் மறுகையைப் பிடித்துக்கொண்டார். மூவரும் அப்படியே நின்றார்கள். அம்மாவின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. கட்டி உடைந்து, உள்ளங்கையிலிருந்து வழிந்து, விரிப்பின்மேல் விழுந்தது.

மகள் வேனிலிருந்து தண்ணீரும் சோப்பும் ஒரு அகலமான பாத்திரமும் கொண்டுவந்தாள். அம்மாவின் கைகளைத் தன் கைக்குள் வைத்து, விரல் விரலாக, நகத்தின் இடுக்கு முதற்கொண்டு தேய்த்துக் கழுவினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்நுனிகள். அழுக்குத் தண்ணீர் கீழே சிந்தாமல் பாத்திரத்தில் விழுந்தது.

"இந்தத் தண்ணியை என்ன பண்ணுவீங்க?" பல நாட்களுக்குப் பிறகு அம்மா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இதையும் குழியிலதாம்மா ஊத்தணும். வெளியில விடக் கூடாது."

"சரி" என்றாள் அம்மா. "என் கை கழுவின தண்ணியாவது அவன்கூடப் போகட்டும்."

ஊற்றும்போது தானே பாத்திரத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது மகள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவும் அப்பாவும் பின்னால். நகரத்துக்குள் நுழையும் இடத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. அம்மா சன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்களாமே. பாப்பா சொன்னா."

"ம்."

"அப்ப முகத்தைப் பார்த்திருப்பீங்க."

"பார்த்தேன்."

"எனக்குக் காட்டவே இல்லையே. பார்த்தா மறக்க முடியாதுன்னு சொல்லித் துணியைச் சுத்திக் கொண்டுபோயிட்டாங்க. யாருமே பார்க்கலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷமா ஒரு முகமே இல்லாமத்தான் எனக்கு அவன் இருந்தான்."

 முன்னால் ஒரு லாரி புகை விட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் கண்ணாடியை ஏற்றினார்.

"முடி நிறைய இருந்துச்சு" என்றார் அப்பா. "நெத்தி வரைக்கும். காது உன் காது, அப்படியே. மூக்குதான் என்னோடது, பாவம்."

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா விம்மலா என்று மகளால் பிரிக்க முடியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்புறம்?"

"இடது கை மூடியிருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தேன். சின்னச் சின்ன நகம். முழுசா வளர்ந்திருந்துச்சு."

"அப்புறம்?"

"தூங்குற மாதிரிதான் இருந்தான். எழுப்பிடுவோமோன்னு மெதுவாத்தான் நடந்தேன்."

வண்டிகள் நகரத் தொடங்கின. அம்மா சன்னலிலிருந்து திரும்பி அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள். "கையில குடுத்ததுலேருந்து."